மொட்டைக் கடிதங்கள்

தார்த்து நகரில் ஜனவரி.
எமயோகி ஆறு உறைந்து கிடக்கிறது,
அதன் மேல் யாரோ சைக்கிள் ஓட்டிப் போன தடம்.
அலுவலகத்தில் எனக்கு முன்பே வந்து காத்திருக்கிறது
உன் முப்பத்தெட்டாவது கடிதம்.

கடிதம் என்று நான்தான் சொல்கிறேன்.
நீ எழுதவில்லை.
விழுகிற நொடியில் செயலி தானே எழுதித்
தானே அனுப்பியது.
பெயர் இல்லை, ஊர் இல்லை.
மொட்டைக் கடிதத்திலாவது ஒரு வன்மம் இருக்கும்,
இதில் அதுவும் இல்லை.
பதினாறு இலக்க எண்கள், ஒன்றின் கீழ் ஒன்று.
எங்கே விழுந்தோம் என்று தெரியும்,
எதற்கு என்று தெரியாத சாட்சி.

"என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டு
ஒரு பெட்டி வைத்திருக்கிறோம்.
முப்பத்தேழு முறை அது காலி.
ஒரே ஒரு முறை:
"பால்."

பால் கணக்கு எழுதும் செயலி எங்களுடையது.
எந்த மாடு, எந்த வேளை, எத்தனை லிட்டர்.
உன் பதிலில் பொய் இல்லை.
பயனும் இல்லை.

உன்னுடையதைப் போலவே பழைய டேப்லெட் ஒன்று வாங்கினேன்.
இல்லாத நூறு மாடுகளுக்குப் பெயர் வைத்துக் கறந்தேன்.
பேட்டரியின் சூடு நான்கு டிகிரி என்றது கடிதம்;
ஃபிரிட்ஜில், தாவெத்தின் புகையிட்ட மீனுக்குப் பக்கத்தில்
ஓர் இரவு படுக்க வைத்தேன்.
காலையில் மீன் வாடையோடு எழுந்து
சமர்த்தாகக் கணக்கு எழுதியது.
அதிகாலை நாலே முக்கால் என்றது கடிதம்;
நானும் ஒரு வாரம் அந்நேரம் எழுந்து பார்த்தேன்.
என்னைத் தவிர எதுவும் விழவில்லை.

மூடிவிடு என்றார் ஐவோ.
அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு: மீண்டும் நிகழவில்லை.
உனக்கு வலிக்கிறதா, எனக்கு வலிக்கவில்லையே என்பதை
இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது.
இரண்டு முறை அழுத்தினேன்.
இரண்டு முறையும் மறுநாள் விடியுமுன்
வந்து நின்றாய்,
கோபப்படாமல், அதே வரிகளோடு.

திங்கட்கிழமை, வேறு எதையோ தேடும்போது
இருநூற்று ஆறாவது வரியில் கண் நின்றது.
தொடுபுள்ளிகள்: 11.

மற்ற கடிதங்களைத் திறந்தேன்.
11. 12. 11. 14.
பத்துக்குத்தான் இடம் ஒதுக்கியிருந்தோம்.
மனிதருக்கு அதற்கு மேல் ஏது என்று நினைத்திருப்பார்
ஆறு வருடம் முன்பு எழுதியவர்.
(எழுதியது நான்.)

என் பத்து விரல்களையும் திரையில் விரித்தேன்.
ஒன்றும் ஆகவில்லை.
"தாவெத், ஒரு விரல் கொடு."
கடித்த கறுப்பு ரொட்டியைக் கீழே வைத்து,
சட்டையில் துடைத்து,
என் கட்டைவிரல்களுக்கு நடுவே ஆள்காட்டி விரலை வைத்தான்.
திரை இருண்டது.
கையும் களவுமாகப் பிடிப்பது என்பார்கள்,
இங்கே களவே கைதான்.
நாங்கள் போட்ட கூச்சலில் ஐவோ எட்டிப் பார்த்தார்:
ஒரு பலகை மேல் இரண்டு பேர்
ஏதோ சத்தியம் செய்வதுபோல்.

சரி, விடியுமுன்
பதினாலு விரலோடு அங்கே யார்?
புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்றான் தாவெத்.
சம்பளப் பிரிவின் கெர்து, வோரு பக்கத்துக்காரி,
நிமிராமலே சொன்னாள்:
"கன்றுக்குட்டி. நக்கியிருக்கும்.
திரையில் கை வேர்வை, உப்பு."

பெட்டியில் வந்த அந்தப் "பால்"
உன் பதிலா, அதன் கோரிக்கையா என்று
இப்போது எனக்குச் சந்தேகம்.

திருத்தம் ஒரே வரி.
பத்தை அறுபத்துநாலாக்கினேன்.
ஒரு நாக்குக்கு எத்தனை என்று யாரைக் கேட்பது?

வியாழன் வெளியிட்டோம்.
வெள்ளி விடியுமுன் எதுவும் வரவில்லை.
சனி. ஞாயிறு.
சரியாகிவிட்டதா,
டேப்லெட்டை வைக்கோலில் எறிந்துவிட்டுப்
பழைய நோட்டுக்கே திரும்பிவிட்டாயா,
கன்று வளர்ந்து வேறு கொட்டிலுக்குப் போனதா?
மௌனத்தை நிகழ்த்திப் பார்க்க
எந்த ஃபிரிட்ஜும் உதவாது.

அந்தப் பழைய டேப்லெட் இன்னும் என் மேசையில்.
சாயங்காலம் கோட்டு மாட்டிக்கொண்டு
தாவெத் ஒரு விரலை நீட்டுகிறான்.
நான் பத்தையும் வைக்கிறேன்.
திரை எரிந்துகொண்டே இருக்கிறது.